கவாய் தீவின் கணக்கு

நடுவர் அவர்களே, வணக்கம். ஒருவரின் குணத்தையும் உறவுகளையும் பெரிதும் உருவாக்குவது பிள்ளைப் பருவமா, பின்னால் வரும் வாழ்க்கையா என்று கேட்டிருக்கிறீர்கள். பின்னால் வரும் வாழ்க்கையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அம்மையார் 'ஐந்தில் வளையாதது' என்று ஆரம்பித்து ருமேனிய அநாதை இல்லங்களில் வந்து முடித்தார். நல்ல சான்று, மறுக்கவில்லை. புக்கரெஸ்ட் நகரில் இல்லக் குழந்தைகள் 136 பேரில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். பிந்திப் போனவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. ஆனால் அது, தூக்கிக் கொஞ்ச ஆளில்லாமல் தொட்டிலிலேயே கிடந்த பிள்ளைகளின் கணக்கு. அதை அளவுகோலாக்கி வீட்டில் வளர்ந்தவர்களை அளக்கலாமா?

வீட்டுப் பிள்ளைகளின் கணக்கு ஹவாயில் இருக்கிறது. (விமான டிக்கெட்டை நடுவர் பார்த்துக்கொள்வார்.) 1955-ல் கவாய் தீவில் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர்களான எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் குழுவாகச் சேர்ந்து பின்தொடர்ந்தார்கள். 1, 2, 10, 18, 32, 40 என ஆறு வயதுகளில் விசாரித்தார்கள். வறுமை, பிரசவச் சிக்கல், பெற்றோரின் குடி அல்லது மனநோய், ஓயாத வீட்டுச் சண்டை போன்றவற்றில் நான்கோ அதற்கு மேலோ இரண்டு வயதுக்குள் வாய்த்த பிள்ளைகளைத் தனியாகக் கவனித்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே வளர்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் 10 வயதில் படிப்பிலோ நடத்தையிலோ தடுமாறினார்கள், அல்லது 18-க்குள் போலீஸ் வழக்கு, மனநலச் சிக்கல், பள்ளி வயதில் கர்ப்பம் என்று போனார்கள்.

ஆய்வு அங்கேயே நின்றிருந்தால் கோப்பை எதிரணிக்குத்தான். நிற்கவில்லை. 32-லும் 40-லும் போய்ப் பார்த்தபோது, தடுமாறிய இளைஞர்களில் பெரும்பாலோர் நிலைத்து நின்றிருந்தார்கள். எப்படி? விட்ட படிப்பைச் சமுதாயக் கல்லூரியில் தொடர்ந்தவர்கள், ராணுவத்தில் சேர்ந்து தொழில் கற்றவர்கள், நிலையான துணை கிடைத்தவர்கள், வழிபாட்டுக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டவர்கள், சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டவர்கள். மனநலச் சிகிச்சையால் மீண்டவர்கள் இவர்களை விடக் குறைவு.

'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் திருந்திவிடுவான்' என்று நம்மிடையே ஒரு வைத்தியம் உண்டு. வெர்னர் சொன்னது அதுவல்ல. துணை நிலையானவராக இருந்தால்தான் பலித்தது. என் கணிப்பில், மேலே சொன்னவற்றில் பலவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: பழைய சகவாசம் அறுகிறது, விடிந்தால் போக ஓர் இடம் வருகிறது, 'நீ வேண்டும்' என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். இவற்றில் ஒன்றும் அமையாதவனுக்கு வயது மட்டும் ஏறினால் பயனில்லை. மீளாதவர்களும் அந்தத் தீவில் உண்டு. மீண்டவர்களில் பெண்களே அதிகம்.

உளவியலாளர் எரிக் எரிக்சனையும் எதிரணியினர் துணைக்கு அழைத்தார்கள், கைக்குழந்தையின் நம்பிக்கையே அஸ்திவாரம் என்று. சரி, 1950-ல் அவர் வெளியிட்ட மனித வாழ்வின் எட்டுக் கட்டங்களை முழுதாக எண்ணுங்கள். முதல் நான்குதான் பிள்ளைப் பருவம். நான் யார் என்ற தேடல், நெருக்கம், அடுத்த தலைமுறையைப் பேணுதல், வாழ்ந்ததை ஏற்றுக்கொள்ளுதல் ஆகிய நான்கும் அதற்குப் பிறகு வருபவை. அஸ்திவாரம் என்பதை ஏற்கிறேன். வீடே அதுதான் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. அவர் காலமான பின், 1997-ல், தொண்ணூறைத் தாண்டிய அவர் மனைவி ஜோன், முதுமையின் கடைசிப் பகுதியை ஒன்பதாவது கட்டமாகச் சேர்த்தார். எட்டு போதவில்லை என்பது அந்த வயதுக்குப் போய்ப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு கேள்வியை விட்டுவிட்டு அமர்கிறேன்: கவாயில் 18 வயதில் காவல் நிலையப் பதிவேட்டில் பெயர் இருந்து, 40 வயதில் வேலையும் குடும்பமுமாக இருந்தவரை, எந்த ஐந்து வயது மாற்றியது?