கசப்பேறாத தேசிக்காய்ப் புதினாப் பானம்

[காட்சி: கழுவித் துடைத்த தேசிக்காய்கள், ஒரு பிடி புதினா, சீனிப் போத்தல்]

கச்சான் காற்று அனலாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மட்டக்களப்பில் தேசிக்காய் கரைக்காத வீடு அரிது. பிழிந்து சீனி போடுவது எல்லோருக்கும் தெரிந்ததே. அதே காயிலிருந்து கூடுதல் மணத்தை எப்படி எடுப்பது, கசப்பு எங்கிருந்து வந்து சேர்கிறது என்பவற்றை இக்காணொளியில் பார்ப்போம்.

தேசிக்காயின் புளிப்பு சாற்றில் இருக்கிறது. மணத்தின் பெரும்பகுதியோ பச்சைத் தோலிலுள்ள மிகச் சிறிய பைகளில் எண்ணெயாக அடைபட்டிருக்கிறது. புதினாவிலும் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளிலேயே மண எண்ணெய் தங்குகிறது. இந்த எண்ணெய் தண்ணீரில் எளிதில் கரையாது. கியூபாவில் தேசிக்காயும் புதினாவும் சேர்த்துச் செய்யப்படும் மொஹீட்டோவில் அதைக் கரைத்தெடுக்க ரம்மிலுள்ள மதுசாரம் உதவுகிறது. மது சேராத நமது பானத்தில் அந்த வேலையைச் சீனியிடம் ஒப்படைக்க வேண்டும்.

[காட்சி: துருவியின் மேல் மெல்லச் சுழலும் தேசிக்காய்]

நான்கு கிளாஸ் பானத்துக்கு 4 தேசிக்காய், 5 மேசைக்கரண்டி சீனி, 20 புதினா இலைகள், ஒரு சிட்டிகை உப்பு, கொதித்தாறிய தண்ணீர் 800 மில்லிலீற்றர் போதும். வெட்டுவதற்கு முன்பே இரண்டு காய்களின் பச்சைத் தோலை மட்டும் மெல்லத் துருவி, வெள்ளைப் பகுதி தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அந்த வெள்ளைப் பகுதி கசக்கும். துருவலைச் சீனியோடு சேர்த்து விரல் நுனிகளால் தேய்க்கும்போது, சொரசொரப்பான சீனி எண்ணெய்ப் பைகளை உடைத்து, வெளிவரும் எண்ணெயைத் தன்மேல் பிடித்துக்கொள்ளும். சீனி ஈரமாகி இளம்பச்சை நிறம் பெற்றதும் மூடி, 20 நிமிடங்கள் வையுங்கள்.

பின்னர் அதே சீனியில் புதினா இலைகளை இட்டு, மரக்கரண்டியின் பின்புறத்தால் இரண்டு மூன்று தடவை அழுத்தினால் போதும். உரலில் இடிப்பதையும் மிக்ஸியில் அரைப்பதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். கண்ணுக்கு அழகான பச்சை நிறம் கிடைத்தாலும், இலை முழுவதும் சிதைவதால் புல் வாடையும் துவர்ப்பும் ஏறிவிடும்.

[காட்சி: வடியின் மேல் பிழியப்படும் பாதிக் காய்]

சாற்றை வடியின் மேல் பிழியுங்கள். கடைசித் துளிவரை நசுக்கினால் விதையும் வெள்ளைப் பகுதியும் தம் கசப்பைக் கொடுத்துவிடும். பிழிந்த தோலைச் சாடிக்குள் போட்டு வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இவை அனைத்தையும் கவனித்தாலும், சாற்றிலுள்ள ஒரு பொருள் மணிக்கணக்கில் மெதுவாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறக்கூடும். ஆகவே காலையில் கரைத்ததை மாலைக்கென வைக்காமல், குடிக்கும் நேரத்தில் கரைப்பதே நல்லது. அலுமினியப் பாத்திரம் புளிப்போடு வினைபுரியும் என்பதால், கண்ணாடிச் சாடியோ சில்வர் பாத்திரமோ பயன்படுத்துங்கள்.

சாறும் தண்ணீரும் சேர்த்து, சீனி முழுவதும் கரைந்த பின்னரே ஐஸ் போட வேண்டும். குளிர்ந்த நீரில் சீனி மெதுவாகவே கரையும். உப்பு கசப்பை அடக்கும். ஆனால் கடலோரக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீரே சற்று உவராக இருக்கும் என்பதால், அங்குள்ளவர்கள் சுவை பார்த்த பின்பு உப்பை இடலாம். செங்கலடியிலிருந்து செல்லும் பதுளை வீதியில் உள்ள பிபிலையின் தோடம்பழம் கிடைத்தால், ஒரு தேசிக்காய்க்குப் பதிலாக அதன் சாற்றைச் சேர்த்து, சீனியில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சோடா விரும்புவோர் தண்ணீரில் பாதியைக் குறைத்துக் கரைத்து, வடித்து, கிளாஸில் ஊற்றிய பின் மேலே சோடாவை நிரப்பி, ஒரேயொரு தடவை கலக்கிவிட்டு உடனே பரிமாறுங்கள்.