ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(ஆற்றல், சுற்றுச்சூழல், அறிவியல் குறித்த பல்கலைக்கழகப் பயிலரங்கு ஒன்றின் தொடக்க விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்புக்குரிய துணைவேந்தர் அவர்களே, வரவேற்புரை வழங்கிய பதிவாளர் அவர்களே, புல முதன்மையர் அவர்களே, இயற்பியல், வேதியியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறைகளின் தலைவர்களே, இந்தப் பயிலரங்கைப் பல மாதம் உழைத்து ஏற்பாடு செய்திருக்கும் ஒருங்கிணைப்பாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையை எளிதாக்கிய பேராசிரியப் பெருமக்களே, வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் ஆய்வு மாணவர்களே, முதலாண்டு மாணவ மாணவியரே, அனைவருக்கும் என் வணக்கம்.

துணைவேந்தர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். தொடக்க விழாவில் தலைகாட்டிவிட்டுப் புறப்பட்டுப் போகாமல், மதிய அமர்விலும் இருக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். மாணவர்கள் அதைக் கவனிப்பார்கள். பதிவாளர் அவர்கள் கோப்பை மேசையில் தூங்கவிடாமல் நகர்த்தியதால்தான் கருவிகள் நேரத்துக்கு வந்து சேர்ந்தன என்று கேள்விப்பட்டேன். அவருக்கும் நன்றி. அழைப்பிதழில் பெயர் வராத சிலரும் இங்கே இருக்கிறார்கள். நேற்று இரவு வரை இருந்து மீட்டர்களைச் சரிபார்த்த ஆய்வக உதவியாளர்கள், இந்த வளாகத்தின் மின் பணியாளர்கள். இந்தக் கட்டடத்தில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று மேடையில் இருக்கும் எங்கள் யாருக்கும் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு என் முதல் மரியாதை.

மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். முதலாவது ஆற்றல், இரண்டாவது சுற்றுச்சூழல், மூன்றாவது அறிவியலை எப்படிக் கற்பிப்பது என்பது. மூன்றையும் சேர்த்துக் கட்ட என்னிடம் ஒரே ஒரு கயிறுதான் இருக்கிறது. என்னை முன்பே கேட்டவர்களுக்கு அது தெரியும்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. வீணாகத்தான் போகப்போகிறது என்றாலும் எவ்வளவு போகிறது என்று தெரிந்து போடு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள்.

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். இந்த அரங்கம் இந்த நிமிடத்தில் எத்தனை கிலோவாட் எடுத்துக்கொண்டிருக்கிறது? விளக்குகள் எரிகின்றன, குளிரூட்டி ஓடுகிறது, ஒலிபெருக்கி, புரொஜெக்டர் எல்லாம் இயங்குகின்றன. தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். யாரும் தூக்கவில்லை. எனக்கும் தெரியாது. ஆற்றலைப் பற்றிப் பேச இத்தனை பேர் கூடியிருக்கிறோம். நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தின் கணக்கு நம் ஒருவர் கையிலும் இல்லை. இதுதான் என் கவலை.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்ற பெயரை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆற்றலின் அலகுக்கே அவர் பெயர்தான். அவர் பேராசிரியர் இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதவி வகித்ததில்லை. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பீர் காய்ச்சும் ஆலை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. ஆலையில் நீராவி இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் மின்மோட்டார் புதுசு. அதுதான் உலகையே மாற்றப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இருபது வயதை ஒட்டி இருந்த ஜூல் என்ன செய்தார்? பேச்சைக் கேட்டுவிட்டுப் போகாமல் கணக்குப் போட்டுப் பார்த்தார். மின்கலத்தில் ஒரு பவுண்டு துத்தநாகம் கரைந்தால் எவ்வளவு வேலை நடக்கிறது, நீராவி இயந்திரத்தில் ஒரு பவுண்டு நிலக்கரி எரிந்தால் எவ்வளவு நடக்கிறது என்று அளந்தார். நிலக்கரிதான் மலிவு என்று விடை வந்தது. அவர் எதிர்பார்த்த விடை அது இல்லை. ஆனாலும் அளந்ததை மறைக்கவில்லை. இன்று நாம் ஆற்றல் தணிக்கை என்று பெரிய பெயர் வைத்துச் சொல்கிறோமே, அவர் செய்தது அதுதான்.

அங்கேயும் நிற்கவில்லை. வேலைக்கும் வெப்பத்துக்கும் என்ன கணக்கு என்று பார்க்கத் தொடங்கினார். தண்ணீர் நிறைந்த பாத்திரத்துக்குள் ஒரு துடுப்புச் சக்கரம். வெளியே கயிற்றில் தொங்கும் எடைகள். எடை இறங்கும்போது சக்கரம் சுழலும், தண்ணீர் கலங்கும், லேசாகச் சூடேறும். எவ்வளவு சூடு தெரியுமா? எடையைத் திரும்பத் திரும்ப மேலே ஏற்றி, இருபது முறை இறக்கிய பிறகும் சுமார் அரை டிகிரி ஃபாரன்ஹீட்தான்! அந்த அரை டிகிரியை நம்பி ஒருவர் இயற்கையின் விதியைச் சொல்கிறார் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆனால் ஆலையில் வெப்பநிலையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. ஒரு டிகிரியை இருநூறாகப் பிரித்துப் படித்தார்.

1847 ஏப்ரலில், மான்செஸ்டரில் ஒரு தேவாலயத்தின் வாசகசாலையில் பொதுமக்கள் முன்னால் இதைச் சொற்பொழிவாகப் பேசினார். ஆற்றல் அழிவதில்லை, உருமாறுகிறது என்ற கருத்தை முழுதாக எடுத்து வைத்த ஆரம்பகாலச் சொற்பொழிவுகளில் அது ஒன்று. அச்சிட்டது ஒரு உள்ளூர்ச் செய்தித்தாள். அப்புறம் ஜூன் மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டம். தலைவர், ‘கட்டுரையைப் படிக்க வேண்டாம், சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்காருங்கள்’ என்ற பாணியில் சொல்லிவிட்டார். ஜூல் சுருக்கமாகச் சொன்னார். யாரும் ஒன்றும் கேட்காமலே அது முடிந்து போயிருக்கும். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு இளைஞர் எழுந்து பேசினார் என்று ஜூல் பின்னாளில் நினைவுகூர்ந்தார். வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். அவர் பேசியதால்தான் அரங்கம் திரும்பிப் பார்த்தது என்பது ஜூலின் நினைவு.

இதோடு முடியவில்லை, கேளுங்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜூலுக்குத் திருமணம். ஆல்ப்ஸ் மலைப் பக்கம் தேனிலவு. அந்தப் பக்கம் நடந்து வந்த தாம்சன் வழியில் ஜூலைச் சந்தித்தார். பல ஆண்டு கழித்து அவரே சொன்னது இது: புது மனைவி வண்டியில் வந்துகொண்டிருக்கிறார், ஜூல் கையில் நீளமான ஒரு வெப்பநிலைமானி! எதற்கு? அருவியின் மேலேயும் கீழேயும் தண்ணீரின் வெப்பநிலையை அளக்க. நூறு மீட்டர் விழுந்தால் தண்ணீர் கால் டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் குறைவாகச் சூடேற வேண்டும் என்பது கணக்கு. இருவரும் சேர்ந்து முயன்றும் பார்த்தார்கள். தண்ணீர் திவலை திவலையாகச் சிதறியதால் அளவு கிடைக்கவில்லை. ஆனால் அந்த நட்பிலிருந்துதான் ஜூல்–தாம்சன் விளைவு பிறந்தது; அழுத்தத்தில் இருக்கும் வாயு குறுகிய வழியில் புகுந்து விரியும்போது பெரும்பாலும் குளிர்கிறதே, அதுதான். வாயுவைத் திரவமாக்கும் தொழில் அந்த விளைவைப் பயன்படுத்தித்தான் வளர்ந்தது. அருவியில் விழும் தண்ணீரைக்கூட அளந்து பார்க்கக் கிளம்பிய மனிதர்! ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை அவரைவிட நேராகச் செய்தவர் யார்?

சரி, நம் காலத்துக்கு வருவோம். ஒரு யூனிட் மின்சாரம், அதாவது ஒரு கிலோவாட் மணி, 36 லட்சம் ஜூல். இந்த எண்ணைத் தேர்வில் எல்லோரும் எழுதிவிடுவார்கள். அதன் கனம் எத்தனை பேருக்குத் தெரியும்? அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் மூன்று மீட்டர் உயரம் மாடி ஏறினால், உடலைத் தூக்கச் செய்யும் வேலை சுமார் 1,760 ஜூல். ஒரு யூனிட்டுக்கு ஈடாக அவர் இரண்டாயிரம் மாடிக்கு மேல் ஏற வேண்டும். இதை ஸ்லைடில் காட்டினால் மறந்துவிடும். ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்து ஏறச் சொன்னால் மறக்காது.

சூரியத் தகடும் இப்படித்தான். தகட்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியும் தகட்டின் கலம் 25 டிகிரி செல்சியஸும் இருக்கும் நிலைக்குச் சொன்னது. நல்ல வெயிலில் தகடு அதைவிட எவ்வளவோ சூடாகும். சிலிக்கான் தகட்டில் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். ஆக, ஒட்டியிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துப் பெருக்கித் திட்ட அறிக்கை எழுதினால் அறிக்கை பொய்யாகிவிடும். மாணவர்கள் வேண்டுமென்றா பொய் எழுதுகிறார்கள்? அவர்கள் கையில் ஒரு மீட்டர் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

சுற்றுச்சூழலுக்கு வருகிறேன். இங்கே சார்லஸ் டேவிட் கீலிங் என்ற ஒருவரை மட்டும் சொல்கிறேன். 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் அவருடைய கருவி காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியது. பத்து லட்சத்தில் 313 பங்கு என்று காட்டியது. மே மாதம் வரை ஏறியது, அப்புறம் இலையுதிர்காலம் வரை இறங்கியது, மறுபடி ஏறியது. வடகோளத்துச் செடிகொடிகள் வளரும் பருவத்தில் வாயுவை இழுத்துக்கொள்கின்றன, பிறகு திரும்ப விடுகின்றன. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாண்டி, ஒவ்வொரு ஆண்டின் சராசரியும் முந்தைய ஆண்டைவிட மேலே இருந்தது. 1964-ல் பணம் நிறுத்தப்பட்டதால் சில மாதம் அளவீடு நின்றுபோனது. ‘தினமும் ஒரே வேலை, இதில் என்ன ஆராய்ச்சி’ என்ற எண்ணம் பணம் கொடுப்பவர்களிடம் பல காலம் இருந்தது. அந்த வரைபடத்தில் இன்றும் அந்த இடைவெளி தெரியும். இன்று அந்த அளவு 420-ஐத் தாண்டிவிட்டது. கீலிங் 2005-ல் மறைந்தார். அவர் மகன் அந்த வேலையைத் தொடர்கிறார்.

உலகமே காற்றில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் உட்கார்ந்து அளந்தார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

‘அளந்தும் குறையவில்லையே?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அளப்பதால் மட்டும் எதுவும் குறையாது. ஆனால் அந்த வரைபடம் இல்லையென்றால் எந்த அரசிடமும் போய்ப் பேச நமக்கு வாய் இருந்திருக்காது. கூடுகிறதா இல்லையா என்ற சண்டையிலேயே இன்னும் நின்றிருப்போம். தண்ணீர் மாசு, மண் வளம் பற்றியும் சொல்ல நினைத்தேன். அடுத்த அமர்வில் அந்தத் துறை அறிஞர்கள் விரிவாகப் பேசுவார்கள்.

மூன்றாவது, கற்பித்தல். அதை ஒரு கோரிக்கையாகவே வைத்துவிடுகிறேன். நான் போகும் மேடைகளில் எல்லாம் கேட்டுவருவது இதுதான். பல்கலைக்கழகங்களின் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி மீட்டர் வேண்டும். அதன் அளவு வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒளிர வேண்டும். மணிக்கு மணி வரும் கணக்கு மாணவர்கள் எடுத்து ஆராயும்படி திறந்திருக்க வேண்டும். கணக்கு வெளியே போனால் பெயர் கெட்டுவிடும் என்று சில நிர்வாகங்கள் தயங்குகின்றன. இரவு இரண்டு மணிக்கு ஆளில்லாத கட்டடம் ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று ஒரு முதலாண்டு மாணவி கேட்டால், அதைவிடப் பெரிய பெயர் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வேறு எதில் கிடைக்கும்? அதே போல, பயிலரங்குக்கு வந்ததற்காக மட்டும் சான்றிதழ் கொடுக்காதீர்கள். தன் கையால் அளந்த ஒரு எண்ணை, அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்து, எழுதிக் கொடுப்பவருக்குக் கொடுங்கள். பிழையைச் சொல்லத் தெரிந்தவர்தான் அளக்கத் தெரிந்தவர். ஜூல் தன் வாழ்நாள் முழுக்கத் தன் எண்ணைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1850-ல் அவர் தந்த அளவு இன்றைய மதிப்பிலிருந்து ஒரு சதவீதம்கூட விலகவில்லை.

துணைவேந்தர் அவர்கள் இந்தக் கோரிக்கையை ஆட்சிக்குழுவில் வைப்பதாக மேடைக்கு வரும் முன்பே என்னிடம் சொன்னார்கள். அதை இங்கே எல்லோர் முன்னிலையிலும் சொல்வதற்கு அவர் அனுமதியும் கொடுத்தார். மனமார்ந்த நன்றி.

மதியம் இரண்டு மணிக்குக் குழுக் குழுவாகப் பிரிகிறோம். முதல் குழு மின் பணியாளர்களோடு இந்த அரங்கத்தின் மின்பலகைக்குப் போகிறது. திறந்த பலகைக்குப் பக்கத்தில் மாணவர்கள் யாரும் தனியாக நிற்கக் கூடாது, கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மின் பணியாளர்கள் சொல்லும் கம்பியில் மட்டும் மாட்டுங்கள். இரண்டாவது குழுவுக்கு மொட்டை மாடியில் சூரியத் தகடு, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது குழுவுக்குக் கெட்டிலும் வெப்பநிலைமானியும் ஆய்வகத்தில் இருக்கின்றன. நோட்டும் பேனாவும் எல்லோரும் கொண்டுவர வேண்டும். வணக்கம்.