ஆய்வுக்கு வர முடியாத நோயாளி

[திரையில்: ஒரு கட்டில், பக்கத்தில் நிரப்பாத படிவம்]

காய்ச்சல் விட்டு ஆறு மாதம் ஆகிவிட்டது. ஆனால் குளித்து முடித்தாலே மறுபடி படுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொற்றுக்குப் பின் நீடிக்கும் நோயை ஆராய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இப்படிப்பட்டவரைத்தான். ஆய்வில் சேர அவர் நேரில் வர வேண்டும், ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி வர வேண்டும். அவரால் முடியாது. அதனால் அவர் கணக்கிலேயே வருவதில்லை. நடமாடக்கூடியவர்களை மட்டும் வைத்து எழுதிய முடிவு, கடைசியில் அவருக்கும் சிகிச்சையாகப் போய்ச் சேருகிறது.

இது எதிர்த் திசையிலும் நடக்கும்.

[திரையில்: 1000 புள்ளிகள், அதில் 100 சிவப்பு]

ஒரு கற்பனைக் கணக்கு. தொற்று வந்தவர்கள் 1000 பேர், அதில் இன்னும் நோயோடு இருப்பவர்கள் 100 பேர். உண்மை விகிதம் 10 சதவீதம். எல்லாருக்கும் இணையத்தில் கேள்விப் படிவம் அனுப்புகிறோம். அவதிப்படுகிறவர்களில் 60 பேர் பதில் தருகிறார்கள். குணமான 900 பேருக்கு அக்கறை குறைவு, 180 பேர்தான் பதில் தருகிறார்கள். வந்தவை 240 பதில்கள், அதில் 60 நோயாளிகள். விகிதம் 25 சதவீதமாகிவிட்டது! யாரும் பொய் சொல்லவில்லை. யார் பதில் சொன்னார்கள் என்பதிலேயே பிழை புகுந்துவிட்டது.

அடுத்தது ஒப்பீட்டுக் குழு. "தொற்றே வராதவர்கள்" என்று ஒரு குழுவைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுகிறார்கள். கோவிட் வந்த முதல் மாதங்களில் பலருக்குப் பரிசோதனையே கிடைக்கவில்லை. தொற்று வந்துபோனதை ரத்தத்தில் காட்டும் ஆன்டிபாடியும் நாளாக நாளாகக் குறையும், லேசாக வந்துபோன சிலருக்கு உருவாகாமலே போகலாம். இவர்களெல்லாம் தொற்று வராதவர்கள் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். தொற்று வந்தவர்களில் 100-க்கு 12 பேருக்கும் வராதவர்களில் 6 பேருக்கும் தீராத சோர்வு என்று வையுங்கள். இரண்டு மடங்கு. ஒப்பீட்டுக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு உண்மையில் தொற்று வந்தவர்களாக இருந்தால், அங்கே 6 என்பது 8 ஆகும். இரண்டு மடங்கு ஒன்றரை மடங்காகச் சுருங்கும். "பெரிய வித்தியாசம் இல்லை" என்ற தலைப்புச் செய்திக்கு இது போதும்.

[திரையில்: 0 முதல் 100 வரை ஒரு அளவுகோல்]

இனி சிகிச்சை ஆய்வுகள். பிரிட்டனில் 641 பேரைச் சேர்த்து நடத்தி, 2011-இல் வெளியிட்ட பேஸ் ஆய்வைப் பார்ப்போம். எம்ஈ/சிஎஃப்எஸ் எனப்படும், கடும் சோர்வு நீடிக்கும் நோய்க்கான ஆய்வு இது. அந்த நோய் பலருக்கு ஒரு தொற்றுக்குப் பின்தான் தொடங்குகிறது. உடலால் எவ்வளவு செய்ய முடிகிறது என்பதை நோயாளியே சொல்ல, அது 0 முதல் 100 வரை மதிப்பெண்ணாகும். 65 அல்லது அதற்குக் கீழ் இருந்தால்தான் ஆய்வில் இடம். குணமடைந்ததாகக் கொள்ளும் நிபந்தனைகளில் ஒன்றாக முதலில் எழுதி வைத்திருந்தது 85. பிறகு அதை 60 ஆக்கினார்கள்.

அளவுகோலை நன்றாகப் பாருங்கள். ஒருவர் 65-இல் நோயாளியாக உள்ளே வருகிறார். நிலைமை மோசமாகி 60-க்கு இறங்குகிறார். இந்த ஒரு அளவுகோலில் அவர் இப்போது "குணமானவர்" பக்கம் நிற்கிறார். இதை எந்தப் புள்ளியியல் நுணுக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது என்பதே எங்கள் கருத்து.

இன்னொரு சிக்கல், எந்தச் சிகிச்சை தனக்குக் கிடைக்கிறது என்பது நோயாளிக்குத் தெரியும். "உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் தேறிவிடலாம்" என்று மாதக்கணக்கில் சொல்லிவிட்டு, "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பதில் கொஞ்சம் மேலேதான் சாயும். நெதர்லாந்தில் இதே நோய்க்கான மனநலச் சிகிச்சை பற்றி நடந்த மூன்று ஆய்வுகளின் தரவை 2010-இல் சேர்த்துப் பார்த்தார்கள். சோர்வு குறைந்ததாக நோயாளிகள் சொல்லியிருந்தார்கள், ஆனால் உடலில் கட்டிய அசைவுமானியில் நடமாட்டம் கூடவில்லை. பேஸ் ஆய்விலும் முடிவை அளக்க அசைவுமானி வைப்பதாக இருந்து, பிறகு கைவிட்டார்கள். 2021-இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, இந்த நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சித் திட்டத்தைத் தரக்கூடாது என்றது.

யாரை நோயாளி என்று சேர்ப்பது என்பதும் முக்கியம். உழைப்புக்குப் பின் உடல் மோசமாவதுதான் இந்த நோயின் முத்திரை. பேஸ் பயன்படுத்திய 1991-ஆம் ஆண்டு வரையறையில் அது கட்டாயமில்லை, ஆறு மாதச் சோர்வு இருந்தால் போதும். வேறு காரணத்தால் சோர்ந்தவர்களும் சேர்ந்துவிடலாம், அவர்களுக்கு நடைப்பயிற்சி நன்மையே செய்யலாம். இவர்களையும் சேர்த்துக் கிடைக்கும் சராசரிதான் எல்லாருக்கும் மருந்துச்சீட்டாகிறது. உழைப்புக்குப் பின் வரும் சரிவும் பெரும்பாலும் உடனே வருவதில்லை, 12 முதல் 72 மணி நேரம் கழித்து வரும். பயிற்சி முடிந்த கையோடு அளந்தால் அகப்படாது. மூன்றாம் நாள் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

[திரையில்: ஆய்வறிக்கையில் வரும் பங்கேற்பாளர் வரைபடம்]

ஓர் ஆய்வைப் படிக்கும்போது, முடிவுரைக்கு முன்னால் இந்த வரைபடத்துக்குப் போங்கள். ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் பாதியில் விலகினார்கள்? 100 பேர் சேர்ந்து 30 பேர் போய்விட்டார்கள், மீதி 70-இல் 35 பேருக்கு முன்னேற்றம் என்றால் "பாதிப் பேர் தேறினர்" என்று எழுதலாம். போன 30 பேரும் உடம்பு கெட்டதால் போயிருந்தால், தேறியவர்கள் 100-க்கு 35 பேர்தான். ஏன் போனார்கள் என்று அந்த 30 பேரையும் வீட்டிலேயே தொடர்புகொண்டு கேட்டு, அந்தப் பதிலையும் அட்டவணையில் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள்.