காட்டை அறிந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை

(வன உயிரின வாரத்தையொட்டி, கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள கல்லூரி அரங்கில் இயற்கைப் பாதுகாப்புப் பணியாளர்களைச் சிறப்பித்த விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, இன்று மரியாதை பெற வந்திருக்கும் வனக் காவலர்களே, வழிகாட்டிகளே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த அரங்கத்தின் மேற்குச் சன்னலைத் திறந்தால் தெரிகிற மலைத்தொடருக்கு அப்பால்தான் பெரியாறு புலிகள் காப்பகம் இருக்கிறது. அந்தக் காட்டில் பெய்யும் மழை முல்லைப் பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நம் பக்கம் இறங்கி, 1895-ஆம் ஆண்டிலிருந்து நம் வயல்களை நனைத்துக்கொண்டிருக்கிறது. அணையைக் கட்டிய பென்னிகுயிக்கை நாம் மறக்கவில்லை. அவருக்குப் பொங்கல் வைக்கிறோம், அவர் பெயரைப் பிள்ளைகளுக்கும் சூட்டுகிறோம். அணைக்குத் தண்ணீரைத் தருகிற காட்டைக் காத்து நிற்பவர்கள் யார் என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை. அந்தப் பதிலில் ஒரு பகுதியையாவது இன்று சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆசை.

என் சிறு வயதில் எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கிடந்த பட்டை எந்த மரத்திலிருந்து வந்தது என்று எவரும் கேட்டதில்லை. மலையாளத்தில் வயணை என்று சொல்லப்படும் காட்டு இலவங்க மரங்கள் பெரியாற்றுக் காட்டில் உண்டு. அவற்றின் பட்டையை உரித்து விற்பதையே தொழிலாகக் கொண்ட சிலர் குமுளியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருந்தார்கள். அரிசியும் உப்பும் கட்டிக்கொண்டு காட்டுக்குள் புகுந்து, நாள்கணக்கில் தங்கி, உரித்த பட்டையை முதுகில் சுமந்து இரவோடு இரவாக வெளியேறுவார்கள். மரத்தைச் சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால் இலைகள் சமைக்கும் உணவு வேருக்கு இறங்க வழியில்லாமல் போகும். நின்றபடியே அந்த மரம் சாகும். அந்தத் தொழிலில் இருந்தவர்களும் நன்றாக வாழ்ந்துவிடவில்லை. ஆதாயம் வியாபாரியிடம் போயிற்று. வழக்குகள்தான் இவர்கள் பெயரில் சேர்ந்தன.

காட்டையொட்டி வாழ்வோரின் பிழைப்புக்கு வழி செய்து அவர்கள் துணையோடு காட்டைக் காக்கும் இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் 1996-இல் பெரியாற்றிலும் தொடங்கப்பட்டபோது, அங்கிருந்த வனத்துறையினர் அந்தக் காலத்தில் எளிதில் எடுக்க முடியாத ஒரு முடிவை எடுத்தார்கள். தங்களால் ஆண்டுக்கணக்கில் துரத்தப்பட்ட இந்த மனிதர்களை அழைத்து உட்கார வைத்துப் பேசினார்கள். திருட்டுத் தொழிலை விட்டுவிடுவது, காட்டைக் காப்பதில் துணை நிற்பது, அதற்கு ஈடாக வழக்குகளிலிருந்து விடுபட்டு முறையான வருமானம் பெறுவது என்று உடன்பாடு ஏற்பட்டது. இருபத்து மூன்று பேர் முன்வந்தார்கள். அவர்களைக் கொண்டே ஒரு சூழல் மேம்பாட்டுக் குழு அமைந்தது. அந்தக் குழுவின் பெயரிலேயே ‘முன்னாள் வயணைப் பட்டை சேகரிப்போர்’ என்ற அடையாளம் இருக்கிறது. தங்கள் பழைய தொழிலை மறைக்காமல் பெயர்ப்பலகையில் எழுதி வைத்த அந்த நேர்மை என்னை இன்றைக்கும் அசைக்கிறது.

அதன் பிறகு நடந்ததைத்தான் மாணவர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். வேட்டைக்காரர்கள் எந்தத் தடத்தில் வருவார்கள், எந்தப் பாறையடியில் தங்குவார்கள், எந்த ஓடையில் தண்ணீர் எடுப்பார்கள் என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். இவர்கள் கொடுத்த தகவல்களால் வேட்டையும் மரக்கடத்தலும் பிடிபட்டன. காட்டுக்குள் நடந்து சென்று கூடாரத்தில் தங்கி வரும் பயணம் ஒன்று இவர்களையே வழிகாட்டிகளாகக் கொண்டு வகுக்கப்பட்டது. பயணிகள் சிறு குழுவாகத்தான் போக முடியும். வழிகாட்டிகள் ஏறத்தாழ பயணிகளுக்குச் சமமான எண்ணிக்கையில் உடன் வருவார்கள். துப்பாக்கியுடன் ஒரு வனக் காவலரும் வருவார். பயணி கொடுக்கும் பணம் குழுவின் பொது நிதிக்குப் போய், அங்கிருந்து ஊதியமாக வருகிறது. பயணிகளோடு நடக்கும் அதே நடையில் ரோந்தும் முடிந்துவிடுகிறது. ஆள் நடமாட்டம் உள்ள தடத்தில் கண்ணி வைக்க எவன் துணிவான்?

அந்த நடையில் புலியைக் காட்டியே தீருவோம் என்ற வாக்குறுதி எவருக்கும் தரப்படுவதில்லை. ஈர மண்ணில் பதிந்த கால்தடம் நேற்றையதா, இன்று காலையதா என்று வழிகாட்டி குனிந்து பார்த்துச் சொல்வார். மரத்தின் மேலிருந்து மந்தி எழுப்பும் குரலைக் கேட்டுச் சட்டென்று கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்துவார். யானைச் சாணத்தில் காலை வைத்துச் சூடு பார்ப்பார். அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை உறை கட்டிக்கொண்டு அவர் பின்னால் நடக்கிற பயணி, ஒரு நாளிலேயே காட்டை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். முன்பு பட்டை தேடப் பயன்பட்ட அதே அறிவுதான் இது. அந்த அறிவைக் குற்றமாக மட்டும் பார்த்திருந்தால் அந்த மனிதர்கள் சிறையில் இருந்திருப்பார்கள், மரங்களும் போயிருக்கும். ஒருவருடைய அறிவை மதித்து, அந்த அறிவைக் கொண்டே அவர் மரியாதையாகப் பிழைக்க வழி செய்வதுதான் அவருக்குச் செய்யக்கூடிய முதல் சிறப்பு என்று நான் கருதுகிறேன். பொன்னாடை அதற்குப் பிறகு வரட்டும்.

அதே காப்பகத்தில் மன்னான், பளியர் குடிகளைச் சேர்ந்த குடும்பங்கள் தங்கள் மிளகுத் தோட்டங்களை முன்பணத்துக்காக வியாபாரிகளிடம் விட்டுவிட்டுத் தவித்தன. சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வந்த பிறகு, அவர்கள் கடனிலிருந்து மீண்டு தங்கள் மிளகைத் தாங்களே விற்கும் நிலை உண்டானது. கடன்காரனுக்கு அஞ்சி வாழ்கிறவனிடம் போய்க் காட்டைக் காப்பாற்று என்று சொல்வது எவ்வளவு பொருளற்றது என்பதை அந்த அனுபவம் காட்டியது.

2002-இல் தேக்கடியைச் சுற்றியுள்ள குடும்பங்களின் பெண்கள் வசந்த சேனை என்ற பெயரில் ஒன்று சேர்ந்தார்கள். வீட்டு வேலைகளுக்கிடையே முறை வைத்துக்கொண்டு, ஐந்தாறு பேராகக் காட்டின் ஓரங்களில் நாள்தோறும் ரோந்து போனார்கள்; அதற்கு ஊதியம் பெறவில்லை. அந்தச் சகோதரிகளை நான் இரு கை கூப்பி வணங்குகிறேன். ஆனால் வணங்கிவிட்டு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெண்கள் மனமுவந்து செய்யும் பணியைப் பாராட்டிப் பேசுகிற நாம், அந்தப் பாராட்டையே கூலிக்கு ஈடாக வைத்துவிடக் கூடாது.

தேக்கடி என்றால் இன்னொரு நாளும் நினைவுக்கு வர வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று மாலை அங்குள்ள ஏரியில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதாக அன்றைய செய்திகள் கூறின. ஒரே காட்டில், ஒரே காலத்தில், இரண்டு வகைச் சுற்றுலாக்கள் நடந்துகொண்டிருந்தன. ஒன்றில் ஐந்து பேர் வழிகாட்டியின் கையசைவுக்குக் கட்டுப்பட்டு மௌனமாக நடந்தார்கள். மற்றொன்றில் கூட்டம் விலங்கைத் தேடிப் பாய்ந்தது. பொறுப்புள்ள சுற்றுலா என்று நாம் சொல்லும்போது விலங்கின் நலம், உள்ளூராரின் பிழைப்பு, பயணியின் உயிர் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அந்த 45 பேரை நினைத்துத்தான்.

புலிகள் காப்பகங்கள் எவ்வளவு திறமையாக நிர்வகிக்கப்படுகின்றன என்று நாடு முழுவதும் செய்யப்பட்ட 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் பெரியாறு 94.38 விழுக்காடு பெற்று முதலிடத்தில் நின்றது. அந்த எண்ணுக்குப் பின்னால் அதிகாரிகளின் உழைப்போடு, முன்னாள் பட்டைக்காரர்களின் கால்தடங்களும் இருக்கின்றன.

இதே போன்ற மாற்றம் நம் மாநிலத்தின் கிழக்குக் கரையிலும் நடந்தது. செங்கல்பட்டுப் பகுதியில் வாழும் இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பதில் வல்லவர்கள். தோல் வியாபாரத்துக்காகப் பாம்புகள் கொல்லப்பட்ட காலத்தில் அதற்கு உழைத்தவர்கள் அவர்கள்தான். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின் வந்த தடைகளும் அந்த வியாபாரத்தை நிறுத்தின. பாம்புகள் பிழைத்தன, இருளர் குடும்பங்கள் வருமானமின்றி நின்றன. சட்டத்தால் வந்த இந்த இடைவெளியை யாராவது நிரப்பியாக வேண்டியிருந்தது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணை நிற்க, 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து வந்து, நஞ்சை எடுத்து, அடையாளமிட்டு மறுபடியும் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் நஞ்சு முறிவு மருந்துக்கு மூலப்பொருளாகப் பெரும்பாலும் அந்த நஞ்சுதான் போகிறது. வடநெம்மேலியில் பார்வையாளர்கள் முன்னிலையில் நஞ்சு எடுப்பதைச் செய்துகாட்டி, பாம்புகளைப் பற்றிய அச்சத்தையும் போக்குகிறார்கள். அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சங்கம் தோன்றியதற்கும் விருது வந்ததற்கும் இடையே நாற்பத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த இடைக்காலத்தில் விரலில் கடிபட்டும் ஊதியத்துக்குக் காத்திருந்தும் முதுமை எய்திய இருளர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

விருது என்ன செய்ய முடியும் என்பதற்கு முதுமலையில் நல்ல சான்று கிடைத்தது. தாயை இழந்த யானைக் குட்டிகளைத் தெப்பக்காடு முகாமில் வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றிய ஆவணக் குறும்படம் 2023-இல் ஆஸ்கர் பெற்றதும், தமிழ்நாடு அரசு மாநிலத்தின் இரண்டு யானை முகாம்களிலும் பணியாற்றும் 91 பேருக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்கியதோடு அவர்களுக்கு வீடு கட்டவும் நிதி அறிவித்தது. அதே ஆண்டில் பெள்ளி நிரந்தரப் பணியில் காவடியாக, அதாவது யானைப் பாகனின் உதவியாளராக, நியமிக்கப்பட்டார். மாநிலத்தின் முதல் பெண் காவடி அவர். ஒருவர் மீது விழுந்த வெளிச்சம் அவரோடு வேலை செய்யும் எல்லோருடைய அடுப்பங்கரைக்கும் போய்ச் சேர்ந்தது என்பதால் இந்த நிகழ்வை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பெரும்பாலோர் இன்றும் தொகுப்பூதியத்தில்தான் காட்டுக்குள் இரவைக் கழிக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த வெளிச்சம் வர வேண்டும்.

வால்பாறையில் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எதிரே போய் உயிரிழந்தவர்கள் அங்கே அதிகம். காட்டுயிர் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் வரி, கைபேசிக் குறுஞ்செய்தி, கைபேசியால் எரியவைக்கக்கூடிய சிவப்பு விளக்கு என ஒவ்வொன்றாகச் சேர்த்து முன்னெச்சரிக்கை ஏற்பாட்டை உருவாக்கினார்கள். அதற்காக அவருக்கு 2015-இல், இயற்கைப் பாதுகாப்புக்காக பிரிட்டனில் வழங்கப்படும் விட்லி விருது கிடைத்தது. விளக்கை எரிய வைப்பவர்கள் தோட்டத்து மக்களே என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்.

சுற்றுலா நடத்தும் நிறுவனங்களுக்கு விருது கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. நல்ல விடுதிகளும் நேர்மையான பயண ஏற்பாட்டாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் தேர்வுக் குழுவில் அமர்வோர், சூரிய விளக்கையும் மூங்கில் உறிஞ்சு குழலையும் எண்ணிப் பார்ப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். பயணி கொடுக்கும் நூறு ரூபாயில் எவ்வளவு அந்த ஊரிலேயே தங்குகிறது? யானை வழித்தடத்தில் வேலி இருக்கிறதா? வழிகாட்டி ‘இதற்கு மேல் போகக் கூடாது’ என்று சொன்னால், விருந்தினர் முகம் சுளித்தாலும் முதலாளி அவர் பக்கம் நிற்பாரா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று சொல்லக்கூடிய இடத்துக்கு நான் வேறெதையும் பார்க்காமல் பரிசளிப்பேன். 2012-இல் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சில மாதங்கள் சுற்றுலாவை நிறுத்தி வைத்து, அதன் பின் மையப் பகுதியில் இருபது விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக்கூடாது என்ற நெறிமுறை வந்தபோதுதான் மட்டுமீறல் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதை நாம் உணர்ந்தோம்.

காட்டுயிர்களைக் காத்தவர்களைச் சிறப்பிப்பது நமக்குப் புதிதன்று. பட்டாளத்தார் பறவைகளைச் சுடுவதாக வேடந்தாங்கல் மக்கள் முறையிட்டபோது, செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அந்த உழவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. அவர்கள் கேட்டுப் பெற்ற சிறப்பு, காக்கும் உரிமை. திருநெல்வேலி மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டியும் வள்ளித்தாயும் அந்த மரபில் வந்தவர்கள்தாம்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 38.4 ஹெக்டேர்தான். அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சிவிடக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கோயில் திருவிழாவானாலும் திருமணமானாலும் வேட்டுச் சத்தம் கிடையாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் வனத்துறையினர் அந்த ஊருக்குப் போய் இனிப்பு வழங்கி நன்றி சொல்கிறார்கள். பட்டாசுக்கு ஏங்குகிற வயதுள்ள குழந்தைகள் அந்த இனிப்பைக் கையில் வாங்குகிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னும் சில வாரங்களில் தீபாவளி வருகிறது; பறவைகளும் வரும். இங்கிருந்து வேட்டங்குடிக்குப் போக நினைக்கும் மாணவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கண்மாய்க் கரைக்கு நடந்து செல்லுங்கள். ஒலிப்பானைத் தொடாதீர்கள். தேநீரையும் தின்பண்டத்தையும் அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். கரையில் பெரியவர் யாராவது உட்கார்ந்திருந்தால், எந்தப் பறவை எப்போது வந்தது என்று கேளுங்கள்.