மேலே உள்ள பெயரை மடித்துவிட்டுப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம் பக்கத்தில் கல்யாண வீடானாலும் சரி, துஷ்டி வீடானாலும் சரி, பேச்சு ஒன்றுதான். “பிள்ளைக்குக் கட்ஆஃப் எவ்வளவு? கம்ப்யூட்டர் கிடைக்குமா?” பொறியியல் சேர்க்கைக்கான கட்ஆஃப் என்பது கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200. அந்த 200க்கு எத்தனை வந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த இரண்டு மாதமும் வீட்டில் அடுப்பே எரியும்.

கம்ப்யூட்டர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கலந்தாய்வுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், சைபர் செக்யூரிட்டி, கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ் என்று வரிசை நீளும். ஒட்டினாற்போல எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரிக்கல். பாளையங்கோட்டைக் கலைக் கல்லூரிகள் பக்கம் திரும்பினால் பி.எஸ்சி., பி.சி.ஏ. என்று வேறு இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு மட்டுமில்லை, பிள்ளைகளுக்கே தலை சுற்றும்.

நான் கணினிப் பாடம் நடத்தியே தலை நரைத்தவன். ஓய்வு பெற்ற பிறகும் மே, ஜூன் வந்தால் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “பாடத்திட்டத்தைப் பார்த்தீர்களா?” என்பதுதான். கல்லூரியைப் பார்த்திருப்பார்கள், பஸ் வசதியைப் பார்த்திருப்பார்கள், ஹாஸ்டல் சாப்பாட்டைக்கூட விசாரித்திருப்பார்கள். நாலு வருஷம் பிள்ளை என்ன படிக்கப் போகிறது என்கிற தாளை மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் சும்மாவே கிடக்கிறது அது.

ஒரு வருஷம் முக்கூடல் பக்கத்தில் இருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா பீடி சுற்றுகிறவர். மகள் முகம் வீங்கியிருந்தது. விஷயம் இதுதான்: அவளுடைய மார்க்குக்குப் பக்கத்தில் உள்ள நல்ல கல்லூரியில் ஐ.டி. கிடைக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்றால் தூரத்தில், பெயர் கேள்விப்படாத ஒரு கல்லூரிக்குப் போக வேண்டும். அவள் போவேன் என்கிறாள். அம்மாவுக்குச் சம்மதமில்லை.

நான் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் இருந்து இரண்டு படிப்புக்கும் மூன்றாம், நான்காம் செமஸ்டர் பக்கங்களை அச்செடுத்து வைத்திருந்தேன். மேலே படிப்பின் பெயர் இருக்கிற பகுதியைப் பின்பக்கமாக மடித்தேன். இரண்டையும் அவளிடம் கொடுத்து, “இதில் எது சி.எஸ்., எது ஐ.டி., சொல்லு பார்ப்போம்” என்றேன். இந்தத் தாளைப் பார்த்தாள், அந்தத் தாளைப் பார்த்தாள். பேச்சே இல்லை.

அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பீடிக்கடைப் பாஸ்புத்தகத்தில் ஒரு எண் பிசகினாலும் பிடித்துவிடுகிற கண். இரண்டு தாளையும் வாங்கித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஓரத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு குறியீட்டு எண் இருக்கும் இல்லையா, அதன் மேலே விரலை வைத்துக்கொண்டே இறங்கினார்.

“சார், நான் படிக்காதவ, தப்பா இருந்தா சொல்லுங்க. இதுல உள்ள நம்பருதான முக்காவாசி அதுலயும் இருக்கு? அங்கன இங்கன ஒண்ணு ரெண்டுதான மாறுது? பின்ன எதுக்கு இவ ராத்திரி சோறு திங்காம அழுதா?”

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். பட்டம் வாங்கியவர்கள் பக்கம் பக்கமாகப் பேசுவதை அந்த அம்மா ஒரு விரலால் காட்டிவிட்டார்.

சரி, மாறுகிற அந்த ஒன்றிரண்டு என்ன? கம்ப்யூட்டர் சயின்ஸில் கம்பைலர் டிசைன் என்று ஒரு பாடம் வரும். நாம் எழுதும் நிரலை, அதாவது புரோகிராமை, இயந்திரத்துக்குப் புரிகிற கட்டளையாக மாற்றுவது எப்படி என்பது அது. ஐ.டி.யில் அதற்குப் பதிலாக இணையதளம் கட்டுவதற்கான பாடங்கள் கூடுதலாக வரும். டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் எல்லாம் இரண்டிலும் உண்டு. வளாகத் தேர்வுக்கு வருகிற மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே இந்த இரண்டுக்கு நடுவில் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. திரும்பவும் சொல்கிறேன், மேலே உள்ள பெயரை மடித்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. கம்ப்யூட்டர் படிப்பு என்றால் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இரண்டாம் வருஷத்தில் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் என்று ஒரு பாடம். பேப்பரும் பேனாவும் போதும், முழுக்கக் கணக்கு. ஒரு நிரல் ஓடி முடியுமா, முடியாமல் சுற்றிக்கொண்டே கிடக்குமா என்பதை எல்லா நிரலுக்கும் பொதுவாக முன்கூட்டியே சொல்லிவிடும் வழி கிடையாது என்று ஆலன் டூரிங் என்கிற இங்கிலாந்துக் கணித அறிஞர் 1936இல் நிரூபித்தார். இன்றைக்கு நாம் பார்க்கிற மாதிரியான கணினி அன்றைக்குப் பிறக்கவே இல்லை. அப்போதே கணினியால் எது முடியாது என்று கண்டுபிடித்தாயிற்று! இதைக் கேட்டதும் ‘அது எப்படி?’ என்று உட்காருகிற பிள்ளை என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் அதற்கென்றே உள்ள படிப்பு. கொட்டாவி விட்டால் குற்றமில்லை, வேறு வழி இருக்கிறது.

பதினொன்றில் பயாலஜி குரூப் எடுத்துவிட்டோமே, கம்ப்யூட்டர் தெரியாதே என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் சொன்ன அந்த 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் என்கிற நிரல்மொழி இருந்தது. சிவில் எடுத்த பிள்ளையும் படித்தது, மெக்கானிக்கல் எடுத்த பிள்ளையும் படித்தது. ஆரம்பத்தில் இருந்துதான் சொல்லிக்கொடுப்பார்கள்.

இப்போது என் பழைய பல்லவிக்கு வருகிறேன். என் பேராசிரிய நண்பர்கள் சிலருக்கே இது பிடிக்காது. வீட்டில் இருந்து கற்றுக்கொள்ள முடியாததைக் கல்லூரியில் படியுங்கள் என்பேன் நான். நிரல் எழுத ஒரு லேப்டாப்பும் இணைய இணைப்பும் பொறுமையும் போதும். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ என்கிற மென்பொருள் நிறுவனம் 2011இல் இருந்து இருக்கிறது. கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்க அவர்கள் தனியே பள்ளியே நடத்துகிறார்கள். நிரல் எழுதுவதை இப்படியும் கற்கலாம். ஆனால் மின் அலையைத் திரையில் காட்டுகிற ஆஸிலோஸ்கோப்பை வைத்து ஒரு சர்க்யூட்டில் எங்கே தப்பு என்று பார்ப்பதையும், சிக்னல் கணக்கையும், மோட்டார் கட்டுப்பாட்டையும் திண்ணையில் உட்கார்ந்து கற்க முடியாது. அதற்கு லேப் வேண்டும், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர் மென்பொருள் வேலைக்குப் போவது தினமும் நடக்கிறது. மென்பொருள் படித்தவர் எலெக்ட்ரானிக்ஸுக்குத் திரும்புவது அபூர்வம்.

நாகர்கோவில் பஸ்ஸில் வள்ளியூர் தாண்டிப் பணகுடிப் பக்கம் போகும்போது காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆனி, ஆடிக் காற்றில் நன்றாகக் கவனித்துப் பாருங்கள். காற்று திசை மாறினால் அந்தத் தலைப்பகுதி முழுசும் மெதுவாகத் திரும்பும். காற்று மிஞ்சினால் இறக்கை தன் கோணத்தை மாற்றிக்கொள்ளும். யாரும் மேலே ஏறித் திருப்புவதில்லை. தலைக்கு மேலே காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் சின்னக் கருவிகள் இருக்கின்றன, உள்ளே ஒரு கட்டுப்பாட்டுக் கணினி இருக்கிறது, அதில் ஒரு நிரல் ஓடுகிறது. அந்த நிரலை எழுத கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்தால் பத்தாது. மோட்டாரும் மின்சாரமும் தெரிய வேண்டும். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிறார்கள், கூடங்குளத்தில் அணுஉலை ஓடுகிறது, கங்கைகொண்டானில் சூரிய மின்தகடு செய்கிறார்கள். எல்லாம் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடக்கிறது. அத்தனையிலும் கம்ப்யூட்டர், மின்சாரம் இரண்டும் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸோ எலெக்ட்ரிக்கலோ கிடைத்தால் அழுதுகொண்டே சேர்க்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மிக்ஸியைக் கழற்றி, திரும்ப மாட்டி, அது ஓடவும் செய்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து நான் சொன்னதை யோசியுங்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சொல்லாமல் போனால் சண்டைக்கு வருவீர்கள். படிப்பு நல்ல படிப்பு. பி.இ. முடித்தவர்கள் மேற்படிப்புக்காக எழுதுகிற கேட் தேர்வில் 2024இல் இருந்து தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் தனித் தாளே வந்துவிட்டது. ஆனால் அதன் அடிப்படை புள்ளியியல், நிகழ்தகவு, மேட்ரிக்ஸ். பிளஸ் டூவில் நிகழ்தகவு பாடத்தைச் சாய்ஸில் விட்டுவிட்ட பிள்ளை, டி.வி.யில் பேர் அடிபடுகிறது என்பதற்காக அதை எடுத்தால் கஷ்டம். புதுப் பெயர் உள்ள எந்தப் படிப்பானாலும் கல்லூரிக்கு நேரில் போய், “இந்தப் பாடத்தை யார் நடத்துகிறார்கள்? அவர் என்ன படித்தவர்?” என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், பணம் கட்டுகிறவர் நீங்கள். அப்புறம், அரசு வேலை கனவு இருந்தால் பழைய அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள். எந்தெந்தப் பட்டம் என்று பெயர் சொல்லியே கேட்பார்கள். புதுப் பெயர் அதில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை வருகிறது. பி.எஸ்சி., பி.சி.ஏ. பற்றி விரிவாகச் சொல்ல எடுத்துவைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செலவு குறைவு, மூன்று வருஷம். மேலே எம்.சி.ஏ. படிக்கலாம், அது 2020இல் இருந்து இரண்டே வருஷம்தான். ஆனால் அதில் சேரக் கணக்கு படித்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள், மறந்துவிடாதீர்கள். பிளஸ் டூவில் கணக்கு எடுத்து பி.எஸ்சி. முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி இருக்கிறது. பாலிடெக்னிக் முடித்தவர்களுக்கும் அப்படியே. கல்விக்கடன் பற்றிப் பேச இன்று இடமில்லை.

கடைசியாக ஒரு விஷயம், இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். எத்தனை கல்லூரி போட்டாலும் கேள்வியில்லை, எதற்கு அடுத்து எது என்கிற வரிசைதான் முக்கியம். அதைப் பிள்ளையே வீட்டில் எழுதிக்கொண்டு போகட்டும். பாஸ்வேர்டும் போனுக்கு வருகிற ஓ.டி.பி.யும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். லாக் செய்வதற்கு முன் ஒருமுறை அச்செடுத்து, எழுதிக் கொண்டுபோனதோடு வரி வரியாக ஒத்துப் பாருங்கள். லாக் செய்த பிறகு மாற்ற முடியாது.

வணக்கம்.