லயத்து வீட்டில் வாசிப்பு மூலை: முதலில் ஈரத்தைப் பாருங்கள், அலுமாரி பிறகு

சரி, அடுத்த கேள்வி மலையகத்தில் தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. "அக்கா, எங்களுடையது தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு, தகரக் கூரை. முன் காம்பராவில் ஒரு மூலை சும்மா கிடக்கிறது. கையில் 10,000 ரூபா இருக்கிறது. அதற்குள் ஒரு சின்ன நூலகம் செய்ய முடியுமா? இருக்கிற புத்தகமே பூஞ்சணம் பிடிக்கிறது. கரிச்சட்டியை மூட்டி மூலையில் வைத்தால் காயும் என்கிறார் அம்மா. வைக்கலாமா?"

அம்மா சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம் தங்கச்சி. குளிருக்கு ஜன்னலைச் சாத்திய அறையில் கரி எரிந்தால் கார்பன் மொனொக்சைட் சேரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். புத்தகத்துக்காக அந்த வேலை வேண்டாம்.

இப்போது நூலகத்துக்கு வருவோம். யூடியூபில் பார்க்கிற அழகான அலுமாரி எல்லாம் நம் ஊர் ஈரத்தை நினைத்துச் செய்ததில்லை. காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் தாளில் பூஞ்சணம் வரும். உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் மிஸ்ட்டும்தானே. அதனால் எந்தச் சுவர் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவர் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கிற சுவர் நல்லது. அடுப்பங்கரைச் சுவர் இன்னும் காய்ந்திருக்கும்தான், ஆனால் புகை வருகிற வீடென்றால் புத்தகம் கறுத்துப் போகும்.

எந்தச் சுவராக இருந்தாலும் அலுமாரியை ஒட்டி வைக்காதீர்கள். இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள், பின்பக்கம் காற்று ஓடட்டும். பின்பலகையே அடிக்க வேண்டாம், அந்தக் காசும் மிச்சம். தரையிலிருந்து ஆறு அங்குலம் உயர்த்துங்கள், கீழே இரண்டு சீமெந்துக் கல் போதும். மேலே கூரை வரைக்கும் அடுக்கவும் கூடாது. விடியற்காலையில் தகரத்தின் அடிப்பக்கம் வேர்த்துச் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நேராக மேல்தட்டில்தான் விழும்.

பலகைக்கு மர மில்லில் போய் வெட்டி மிஞ்சிய சவுக்கு, பைனஸ் துண்டுகளைக் கேளுங்கள். நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து எடுங்கள், பச்சை மரம் பிறகு வளைந்துவிடும். முக்கால் அங்குலத் தடிப்பு, தட்டு ஒன்று மூன்று அடிக்கு மேல் நீள வேண்டாம். ஒரு மீட்டருக்குப் புத்தகம் அடுக்கினால் 20, 30 கிலோ வரும். அகலம் பத்து அங்குலம் தாராளம். புத்தகங்களை நெருக்கித் திணிக்காமல் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு விடுங்கள்.

சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். திறந்த அலுமாரியில் அது வீண். கொஞ்ச நேரத்தில் காற்று ஈரத்தைக் குடித்துவிட்டுச் சும்மா கிடக்கும். நன்றாக மூடுகிற டப்பாவில் போட்டு, உள்ளே காய்ந்த புத்தகத்தை வைத்தால் பிரயோசனம் உண்டு.

ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்ததை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். வெயில் நாளில் இஸ்தோப்புக்கு, அதாவது முன் விறாந்தைக்கு, வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பிறகு நிழலில் காற்றாட விரித்து வையுங்கள். நேர் வெயிலில் அட்டை வளையும், மை வெளிறும். ஜனவரி முதல் மார்ச் வரை இதற்கு நல்ல காலம். பண்டாரவளை, பதுளைப் பக்கம் கேட்கிறவர்களுக்கு மாரி வேறு நேரம், அவர்கள் ஜூன், ஜூலையில் செய்யலாம்.

உட்காரும் இடத்துக்குப் பெரிய செலவு இல்லை. பழைய கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, முதுகுக்கு ஒரு தலையணை. லைட்டுக்கு மட்டும் கொஞ்சம் காசு போடுங்கள். கடையில் 'வார்ம் வைட்' எல்.ஈ.டி. பல்ப் என்று கேட்டு வாங்கி, தோளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் புத்தகத்தில் விழுகிற மாதிரி மாட்டுங்கள். வெள்ளை டியூப் லைட்டின் கீழ் அந்த மூலை டிஸ்பென்சரி மாதிரிதான் இருக்கும்.

மிச்சக் காசு புத்தகத்துக்கு. கொழும்பு மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, சிங்களமும் ஆங்கிலமும்தான் அதிகம். தமிழுக்கு செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கிற புத்தகக் கண்காட்சி பரவாயில்லை. வாங்கி வந்த பழைய புத்தகத்தை உடனே மற்றதோடு சேர்க்காமல் இரண்டு கிழமை தள்ளி வையுங்கள், பூச்சி இருந்தால் தெரிந்துவிடும். அச்சில் கிடைக்காத மலையகப் புத்தகங்களுக்குக் காசே வேண்டாம், 2005 முதல் இயங்குகிற 'நூலகம்' என்ற பெயருடைய இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள், இலவசமாகப் படிக்கலாம். போனில் கண் வலித்தால், பிடித்த பத்துப் பக்கத்தை டவுனில் பிரிண்ட் எடுத்துத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் உங்கள் தட்டில் ஒரு புத்தகம்தான்.

அடுத்தது ஹட்டனிலிருந்து ஒரு தம்பி, பலகைக்கு எந்த வார்னிஷ் என்று கேட்டிருக்கிறார்.