கடைசி வயலுக்குத் தண்ணீர்

வணக்கம் வானொலி நேயர்களே. ‘குழப்பமான காலத்தில் தனிமனிதப் பொறுப்பும் சமூக ஒற்றுமையும்’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் என் மனைவி, “நீங்கள் எப்படியும் அந்த வைக்கோல் சாக்குக் கதையைத்தான் சொல்லப் போகிறீர்கள்” என்றார். முப்பது வருடம் வகுப்பறையில் சொன்ன கதை. என்னிடம் படித்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் மன்னியுங்கள், இன்னொருமுறை கேளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பாணுக்கு விடியக்காலை வரிசையில் நின்ற காலம் என்று சொன்னால் என் வயதுக்காரருக்கு விளங்கும். எங்கள் வயல் கிளிநொச்சியில் உருத்திரபுரம் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணீர். மழைக்காலத்து நெல்லான காலபோகத்துக்கு வானம் உதவும். வெயில்காலத்துச் சிறுபோகம் அப்படியில்லை. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவு செய்வார்கள். பிறகு முறை. இன்றிரவு உனக்கு, நாளை இரவு எனக்கு. அந்த முறையைப் பார்க்கிறவர் வட்டவிதானை. எங்கள் வாய்க்காலுக்கு அப்பாதான் வட்டவிதானை. சம்பளம் என்று சொல்ல ஒன்றுமில்லை, அறுவடை முடிந்தால் கொஞ்சம் நெல் கொடுப்பார்கள். மற்றப்படி ஊர்ப்பேச்செல்லாம் அவருக்குத்தான்.

வாய்க்காலின் கடைசி வயல் ஒரு ஆச்சியினுடையது. புருசன் இல்லை. இரண்டு முறையாக அவருடைய வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. ஆச்சி சண்டை பிடிக்கவில்லை. வந்து எங்கள் திண்ணையில் இருந்து வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, “தம்பி, பயிர் நிறம் மாறுது” என்று மட்டும் சொன்னார். சண்டை பிடித்திருந்தால் அப்பாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்றிரவு அரிக்கன் லாம்போடு அப்பா வெளிக்கிட்டார். நான் பின்னால். அப்பா லாம்பை நம்புகிற ஆள் இல்லை, காதை நம்புகிறவர். வாய்க்கால் கரையால் நடக்கும்போது தண்ணீரின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு போவார். ஓரிடத்தில் நின்றார். சத்தம் குறைகிறது. காலால் தடவிப் பார்த்தார். வைக்கோல் அடைத்த ஒரு சாக்கு வாய்க்காலுக்குள் குறுக்கே கிடந்தது. பக்கத்தில் வரம்பை வெட்டி, தண்ணீர் அழகாக ஒரு வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அது எங்கள் பெரியப்பாவின் வயல்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. சாக்கை இழுத்து எடுத்தார். மண்வெட்டியால் வெட்டை அடைத்தார். ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

விடிந்ததும் மருதமரத்தடியில் கூட்டம். வழக்கமாக அப்பா கடைசியாகத்தான் பேசுவார். அன்றைக்கு யாரும் வாயைத் திறக்க முதலே சாக்கை நடுவில் போட்டார். “இது என் தமையனின் சாக்கு. இரண்டு முறை தண்ணீர் களவு போயிருக்கிறது. வட்டவிதானை நான், நான் பார்க்கவில்லை. எனக்கு வருகிற முறையை ஆச்சிக்கு விடுகிறேன்.” அவ்வளவுதான்.

அதைக் கவனியுங்கள். களவெடுத்தவர் பெரியப்பா. முறையை விட்டுக்கொடுத்தவர் அப்பா. நானே அப்போது கேட்டேன், இது என்ன நியாயம் என்று. அம்மா அழுதார், எங்கள் பயிரும் வாடித்தான் நின்றது. அந்தச் சிறுபோகம் எங்களுக்கு நெல் குறைவு. பெரியப்பா பல வருடம் எங்களோடு பேசவில்லை. அக்காவின் கலியாணத்துக்கு வந்தார், பந்தலுக்கு வெளியே நின்றார், சாப்பிட்டார், போனார். அந்தச் சாக்கு? அம்மா அதைக் கழுவி, நெல் அவிக்கிற நேரம் பானைக்கு மேலே மூடப் பாவித்தார். எங்கள் வீட்டில் எதையும் எறிவதில்லை.

அப்பா நல்லவர் என்று காட்ட இதைச் சொல்லவில்லை, அவருக்கும் குறைகள் இருந்தன. “அவன் களவெடுத்தான்” என்று தொடங்கியிருந்தால் அந்தக் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். “நான் பார்க்கவில்லை” என்று தொடங்கினார். அந்தத் தொடக்கம்தான் நான் சொல்ல வந்தது.

சரி, 2022க்கு, நாட்டின் பொருளாதார நெருக்கடிக்கு வருவோம். நீங்கள் எல்லோரும் நின்ற வரிசைதான், விபரம் தேவையில்லை. பெற்றோல், மண்ணெண்ணெய், காஸ், பால்மா. கொழும்பில் காலிமுகத்திடலில் அரசாங்கத்துக்கு எதிராகப் பிள்ளைகள் கூடியபோது இங்கே வடக்கில் பலர், “அது அவர்களுடைய பிரச்சினை” என்றார்கள். அந்த மனவருத்தத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் வெயிலில் இருந்தார்கள். அப்போது தெற்கிலிருந்து வந்து பக்கத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர்? ஒற்றுமையைப் பற்றி மேல் வயல்காரன் பேசுவது சுலபம், தண்ணீர் அவனுக்கு முதலில் வருகிறது. கடைசி வயல்காரனிடம் போய் “ஒற்றுமையாக இரு” என்று சொல்வதற்கு முன் சாக்கை எடுக்க வேண்டும்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தினார்களே, அந்தக் காலபோகத்தில் எங்கள் நெல் மஞ்சளித்தது போலத்தான் பொலனறுவையிலும் மஞ்சளித்தது. யூரியா இல்லாத பயிருக்குச் சிங்களம், தமிழ் தெரியாது. 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில், 2009இல் போரின் கடைசி நாட்களில் எங்கள் சனம் குடித்த கஞ்சியின் நினைவாக, முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. அது போதுமா என்று கேட்டால், போதாது. பெரிய விசயமா என்று கேட்டால், அந்த இடத்தில் அதை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டும் உண்மை.

இப்போது என் சாக்கைச் சொல்கிறேன்.

அந்த வருடம் யூன் 18 இரவு விசுவமடுவில் ஒரு பெற்றோல் செட்டில் தகராறு முற்றி, இராணுவம் சுட்டது. பொதுமக்களுக்கும் காயம், சிப்பாய்களுக்கும் காயம். அது நடந்து ஒரு கிழமைக்குள் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது: நாளை விடிய பரந்தன் பக்கம் ஒரு செட்டுக்கு பெற்றோல் பவுசர் வருகிறது. யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. உதவி என்று நினைத்து மூன்று வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். பழைய மாணவர் குழு, கோயில் குழு, சொந்தக்காரர் குழு.

விடியக்காலை நானும் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். வரிசையின் முடிவு தெரியவில்லை. லான்ட்மாஸ்டர், ஓட்டோ, கையில் கானோடு பெண்கள். ஒன்பது மணி, பத்து மணி, பவுசர் இல்லை. செட்டில் வேலை செய்கிற பெடியன்களைத் தூசணத்தால் ஏசத் தொடங்கினார்கள். அவர்களும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான், நாட்சம்பளத்துக்கு நிற்கிறவர்கள். ஒருவர் கதிரையைத் தூக்கி எறிந்தார். எல்லோருக்கும் விசுவமடு ஞாபகம். நான் என்ன செய்தேன்? ஒரு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சாக்குக் கதையை முப்பது வருடம் சொன்ன ஆள், ஒரு மணித்தியாலம்.

பிறகுதான் முன்னுக்குப் போய், “அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் நானும் ஒருவன். இந்தப் பிள்ளைகளை ஏசாதீர்கள்” என்றேன். சிலர் சிரித்தார்கள். சிலர் எனக்கும் ஏசினார்கள், அது கிடைக்க வேண்டியதுதான். ஒரு பழைய மாணவன் மட்டும் அமைதியாகச் சொன்னான்: “சேர், எனக்கு வேறு நாலு பேரும் அனுப்பினார்கள். உங்களுடைய பேரைப் பார்த்துத்தான் நம்பி வந்தனான்.” ஏச்சை விட அதுதான் இன்றைக்கும் சுடுகிறது.

அதற்குப் பிறகு அந்தச் செட்டில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கொப்பியில் இலக்கம் எழுதத் தொடங்கினார்கள். குடும்பநல உத்தியோகத்தர், நோயாளி ஏற்றுகிற ஓட்டோ முதலில். மற்றவர்கள் வந்த ஒழுங்கில். கல்லையோ செருப்பையோ வைத்து இடம் பிடிப்பது இல்லை. யாரும் அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை. பெரிய ஆட்களும் இல்லை, ஒருவர் தச்சு வேலை, ஒருவர் கடற்றொழில். பிறகு ஓகஸ்டில் நாடு முழுக்க கியூஆர் முறை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று. எல்லோரும் அதைப் புதினமாகப் பார்த்தார்கள். எனக்கு அது வட்டவிதானையின் முறைதான், போனுக்குள் வந்திருக்கிறது. கொப்பியில் ஒரு வசதி, பிழை விட்டால் போய்ச் சொல்ல முகம் தெரிந்த ஒருவர் இருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இளம் பிள்ளைகளைப் பற்றி ஒரு தாள் முழுக்க எழுதி வந்தேன். 2021இல் கிழக்கே பொத்துவிலிலிருந்து வடக்கே பொலிகண்டி வரை தமிழரும் முஸ்லிம்களும் உரிமை கேட்டுச் சேர்ந்து நடந்ததைப் பற்றியும், எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடைகளைப் பற்றியும் சொல்ல இருந்தேன். இன்னொரு நாளைக்குக் கூப்பிட்டால் வருகிறேன். சிறுபோகக் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் போங்கள், பிறகு வாய்க்கால் கரையில் நின்று கத்துவதில் பயனில்லை.

பெரியப்பா என்ன ஆனார் என்று வகுப்பில் எப்போதும் கேட்பார்கள். 1996இல் போரால் கிளிநொச்சியை விட்டு எல்லோரும் ஓடியபோது, மல்லாவியில் அப்பாவும் அவரும் ஒரே கொட்டிலில்தான் இருந்தார்கள். குடிதண்ணீர் பவுசர் வந்த ஒரு நாள், வரிசையில் நின்ற ஒரு பிள்ளை, “அப்பு, நீங்கள் முன்னுக்கு வாங்கோ” என்றது. பெரியப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டு, “வேண்டாம் பிள்ளை, முறையில வரட்டும்” என்றார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். வணக்கம்.